கிரைண்டரைத் தொடுவதற்கு முன்

பட்டறையில் இரும்பை உரசும் கிரைண்டர் வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இயர் பிளக் போடும் முறையைத்தான். இதற்கெல்லாம் ஒரு பாடமா என்று சிரிப்பார்கள். போட்டுக் காட்டச் சொன்னால் பாதிப் பேருக்கு அது காதுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும்.

கையைக் கழுவிவிட்டு, ஃபோம் பிளக்கை விரல்களுக்கிடையே உருட்டி, சுருக்கம் விழாமல் மெல்லிய குச்சியாக்குங்கள். வலது காதில் போடுவதானால், இடது கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய் வலது காது மடலை மேலும் பின்னுமாக இழுங்கள். வளைந்திருக்கும் துளை நேராகும். உள்ளே நுழைத்ததும் 30 வினாடி விரலால் அமுக்கிப் பிடியுங்கள். அது விரிந்து அடைத்துக்கொள்ளும். எதிரில் நிற்பவருக்குப் பிளக் துருத்திக்கொண்டு தெரிந்தால் கழற்றிவிட்டு மறுபடி போடுங்கள்.

இவ்வளவு மெனக்கெடக் காரணம் உண்டு. 85 டெசிபல் சத்தத்தில் 8 மணி நேரம் இருக்கலாம் என்பது ஒரு கணக்கு. அதற்கு மேல் 3 டெசிபல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்குப் போனால் 15 நிமிஷம்தான். இரும்பை உரசும் கிரைண்டர் சர்வசாதாரணமாக அந்த அளவைத் தொடும். போன காது திரும்ப வராது.

அடுத்து கண். முகத்தை மறைக்கும் ஷீல்டு இருக்கிறதே என்று கண்ணாடியை விட்டுவிடாதீர்கள். பொறி ஷீல்டின் அடிப்பக்கமாக ஏறி வரும். பக்கவாட்டிலும் மூடிய கண்ணாடி உள்ளே, ஷீல்டு வெளியே, இரண்டும் வேண்டும்.

கிளவுஸ் விஷயத்தில் மட்டும் நான் கொஞ்சம் கறார். கிரைண்டருக்குக் கைக்குப் பொருத்தமான தோல் கிளவுஸ் சரி. அதே கையோடு லேத்துக்கோ டிரில்லிங் மெஷினுக்கோ போனால் கழற்றிவிட வேண்டும். சுற்றுகிற பாகம் கிளவுஸின் நுனியைப் பிடித்தால் கையையும் சேர்த்து இழுத்துவிடும். தொளதொள சட்டைக் கைக்கும் இதே கதிதான்.

கிரைண்டரில் மாட்டும் டிஸ்க்கில் அச்சிட்டிருக்கும் வேகம் மெஷினின் வேகத்தைவிடக் குறைவாக இருக்கக் கூடாது. காலாவதித் தேதியையும் பாருங்கள். டிஸ்க்கை மறைக்கும் பாதுகாப்பு மூடியான கார்டைக் கழற்றிவிட்டு வேலை செய்கிறவர் பக்கத்தில் நிற்கவே நிற்காதீர்கள்.

அப்புறம், வேலை முடிந்ததும் கண்ணாடியைப் படக்கென்று கழற்றாதீர்கள். புருவத்திலும் ஹெல்மெட் விளிம்பிலும் இரும்புத் தூள் படிந்திருக்கும். தலையைக் குனிந்து, கண்ணை மூடிக்கொண்டு, தூளைத் தட்டிவிட்டுக் கழற்றுங்கள்.