ஐப்பசியில் நாயோடு ஒரு நாள்: புதிதாக வளர்ப்பவர்களுக்கு

செவலை எங்கள் வீட்டுக்கு வந்தது போன ஐப்பசியில். நாட்டு நாய், பெட்டை, நிறத்துக்கு ஏற்ற பெயர். முதல் வாரம் துணி துவைத்து, மாவு அரைத்து, ரேஷன் கடைக்குப் போய் வந்து, எல்லாம் முடிந்தபிறகு சாயந்திரம் ஆறு மணிக்கு அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்புவேன். தெருமுனையைத் தாண்டுவதற்குள் இடி இடிக்கும். அவள் அங்கேயே படுத்துக்கொள்வாள். நான் நனைந்துகொண்டே தூக்கி வருவேன்.

மதுரையில் இந்த மாத மழை பெரும்பாலும் இப்படித்தான். பகலெல்லாம் புழுங்கும், மூன்று மணிக்குமேல் கறுத்துக்கொண்டு வரும், பொழுது சாயும்போது கொட்டும். அதனால் நாயின் நடையை முதலில் குறித்துக்கொண்டு, வீட்டு வேலைகளை நடுவில் செருகுங்கள்.

1. நடைக்கு முன் ஊசி

குட்டியாக இருந்தால் தடுப்பூசி வரிசை முடியும்வரை தெருவில் இறக்காதீர்கள். வெறிநாய்க்கடி ஊசி மூன்றாம் மாதத்தில் தொடங்கும், பிறகு ஆண்டுதோறும் போட வேண்டும். எலிக்காய்ச்சலுக்கும் சேர்த்துப் போடும் கூட்டுத் தடுப்பூசி உண்டா என்று கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். எலி மூத்திரம் கலந்த மழைத்தண்ணீரில் பரவும் நோய் அது. தேங்கின தண்ணீரைக் கண்டால் நக்காத நாயை நான் இன்னும் பார்க்கவில்லை.

2. பெல்ட் மாட்டுவது

கழுத்துக்கும் பெல்ட்டுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். மூன்று விரல் நுழைந்தால் தளர்வு. இதை நான் தீபாவளிக்கு முந்தின நாள் கற்றுக்கொண்டேன். யாரோ ஒரு சரவெடியைக் கொளுத்த, செவலை பின்பக்கமாக இழுத்து, தலையை உருவிக்கொண்டு ஓடிவிட்டாள். வெறும் பெல்ட் என் கையில். ஒன்றரை மணி நேரம் கழித்து, நின்றுகொண்டிருந்த ஒரு லோடு ஆட்டோவுக்கு அடியில் கண்டுபிடித்தோம். அன்று முதல் நெஞ்சைச் சுற்றி மாட்டும் ஹார்னெஸ்தான், அதில் என் போன் நம்பர் எழுதிய வில்லை ஒன்று. கயிறு நாலு முழம் போதும். இரும்புச் சங்கிலி வேண்டாம், இழுத்தால் கை அறுக்கும்.

3. காலை நடை, 5:45

நாங்கள் போவது வண்டியூர் தெப்பக்குளம். திருமலை நாயக்கர் 1645-இல் வெட்டியது. மகால் கட்ட மண் எடுத்த பள்ளம் என்று சொல்வார்கள். ஒரு சுற்று ஏறக்குறைய ஒன்றேகால் கிலோமீட்டர், ஆரம்பத்தில் அது போதும். நான் பள்ளிக்கூடம் படித்தபோது இதற்குள் தண்ணீர் கிடையாது, பையன்கள் கிரிக்கெட் ஆடுவார்கள். இப்போது வைகைத் தண்ணீர் நிற்கிறது. அதனால் படிக்கட்டுப் பக்கம் கயிற்றைக் குட்டையாகப் பிடியுங்கள்.

தெருநாய்கள்தான் பெரிய தலைவலி. ஒவ்வொரு தெருவும் ஒரு கூட்டத்தின் எல்லை. குரைத்துக்கொண்டு வந்தால் ஓடாதீர்கள், உங்கள் நாயைத் தூக்கவும் செய்யாதீர்கள். தூக்கினால் அவை உங்கள்மேல் தாவும். கயிற்றை முறுக்கி இழுக்காமல் பக்கவாட்டில் திரும்பி நடங்கள். அதற்கும் விடவில்லையென்றால் கல் பொறுக்குவதுபோலக் குனிந்தால் போதும், எறிய வேண்டியதில்லை.

பழைய நாளிதழ் இரண்டு தாள் எடுத்துப் போங்கள். நாய் போனதை அள்ளிக் குப்பைத்தொட்டியில் போடுங்கள். "நாட்டு நாய்க்கு இதெல்லாம் வேணுமாக்கும்" என்று நம்மைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

4. திரும்பியதும் கால், காது

இந்த ஒன்றை மட்டும் சோம்பலால் தள்ளிவிடாதீர்கள். வாசலிலேயே உட்கார வைத்து, பழைய வேட்டித் துணியால் விரல் இடுக்கு ஒவ்வொன்றையும் துடையுங்கள். ஈரம் நின்றால் இடுக்கு சிவந்து நாற்றம் எடுக்கும், நாய் ராத்திரியெல்லாம் நக்கிக்கொண்டே இருக்கும்.

அப்புறம் உண்ணி. காதுமடலின் உள்பக்கம், கழுத்து பெல்ட்டுக்கு அடியில், விரல் இடுக்கு: இந்த மூன்று இடத்தில்தான் முதலில் தேட வேண்டும். ரத்தம் குடித்த உண்ணி வெளிறிய சாம்பல் நிறத்தில் ஆமணக்கு விதைபோல உப்பியிருக்கும், குடிக்காதது எள்ளளவுதான். இடுக்கியைத் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல், நேராக மெதுவாக இழுங்கள். அவசரப்பட்டு வயிற்றைப் பிடித்தால் வாய் உள்ளேயே தங்கிவிடும். மண்ணெண்ணெய் தடவுவது, ஊதுபத்தியால் சுடுவது எல்லாம் வேண்டாம். எடுத்ததை நகத்தால் நசுக்காமல் ஸ்பிரிட்டில் போடுங்கள். இதற்குப் பிறகு நாய் இரண்டு நாள் சாப்பிடாமல் சுருண்டு கிடந்தால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். உடனே மருத்துவரிடம் போங்கள்.

5. வீட்டு வேலை

துணி எட்டு மணிக்குள் மாடிக் கொடியில் ஏறிவிட வேண்டும், மூன்று மணிக்குள் இறங்கிவிட வேண்டும். கடை, பேங்க் எல்லாம் நடுவில். சோறு வடிக்கும்போதே நாய்க்கும் ஒரு பங்கு எடுத்து வையுங்கள். வெங்காயம் போட்ட குழம்பை ஊற்றாதீர்கள், நாய்க்கு ஆகாது. திராட்சையும் அப்படித்தான்.

6. மாலை நடை, நாலு மணி

வெயில் இருந்தால் புறங்கையைத் தார்ரோட்டில் ஐந்து விநாடி வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அதற்கும் சுடும், மண்பாதையில் போங்கள். இந்த நடை இருபது நிமிடம் போதும். தீபாவளி வாரத்தில் நாலு மணியைத் தாண்டவே வேண்டாம். முடித்துக்கொண்டு உள்ளறையில் விட்டு, ஜன்னலைச் சாத்தி, டிவியைச் சத்தமாக வையுங்கள்.

7. ஞாயிற்றுக்கிழமை வெளியூர்

அழகர்கோயிலுக்கு நாயோடு போகாதீர்கள். குரங்குகள் விடாது. நான் சொல்வது கீழக்குயில்குடி. தேனி ரோட்டில் நாகமலைப் புதுக்கோட்டைக்கு அருகே, சமணர் மலை அடிவாரம். அய்யனார் கோயில், தாமரைக்குளம், விழுதுவிட்ட ஆலமரங்கள். மலைமேல் சமணச் சிற்பங்கள் இருக்கின்றன. அங்கே நாயை ஏற்றாமல் ஒருவர் ஆலமரத்தடியில் இருக்க, மற்றவர் ஏறிவிட்டு வரலாம். மயில் நடமாட்டம் உண்டு, கயிற்றை அவிழ்க்காதீர்கள். ஆட்டோவில் போவதானால் நாய் வருவதை முன்பே சொல்லிப் பேசி வையுங்கள். ஏறும்போது சொன்னால் வாடகை இரண்டு மடங்காகும்.

போன வாரம் போனபோது செவலை தாமரைக்குளத்து ஓரச் சேற்றில் முழங்கால்வரை இறங்கிவிட்டாள். வீட்டுக்கு வந்து வேட்டித் துணியைத் தேடினால், அது மாடிக் கொடியில் மழையில் நனைந்துகொண்டிருந்தது.