வேலைக்குப் போகும் முன்: தாய்ப்பாலைக் கையால் எடுத்து வைப்பது எப்படி?

இந்தியாவில் பேறுகால விடுப்பு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம். பிரசவத்துக்கு முன்பே அதில் கொஞ்சம் போய்விட்டால், குழந்தைக்கு ஆறு மாதம் முடியும் முன்பே அலுவலகம் கூப்பிட்டுவிடும். ஆறு மாதம் வரை தாய்ப்பாலே போதும், தண்ணீர்கூட வேண்டாம். ஆனால் சரியாக அந்தச் சமயத்தில்தான் பல வீடுகளுக்குள் பால் பவுடர் டப்பா வருகிறது. அது வேண்டியதில்லை. பம்ப்கூட இல்லாமல், கையாலேயே பால் எடுக்கலாம். வேலைக்குப் போக இரண்டு வாரம் இருக்கும்போதே பழக ஆரம்பியுங்கள்.

முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வாய் அகன்ற எவர்சில்வர் கிண்ணம் ஒன்றைக் கொதிநீரில் போட்டு எடுத்து ஆறவிடுங்கள். காலையில் குழந்தை குடித்து ஒரு மணி நேரம் கழித்து உட்காருவது நல்லது, அப்போது பால் கூடுதலாக இருக்கும். குழந்தை போட்டுக் கழற்றிய சட்டையை மடியில் வைத்துக்கொள்வேன். அந்த வாசனைக்கே எனக்குப் பால் இறங்கிவிடும்.

அடுத்தது கை வைக்கும் விதம். எல்லாமே இதில்தான் இருக்கிறது. கட்டைவிரல் மேலே, ஆள்காட்டி விரல் கீழே, காம்பிலிருந்து 2, 3 செ.மீ. தள்ளி வையுங்கள். அப்படியே நெஞ்சை நோக்கி உள்பக்கமாக அழுத்துங்கள். அழுத்தியபடியே இரண்டு விரல்களையும் சேருங்கள், பிறகு விடுங்கள். அழுத்து, சேர், விடு. விரல் தோல்மேல் வழுக்கக் கூடாது. காம்பைப் பிடித்து இழுத்தால் வலிதான் மிஞ்சும். முதல் ஓரிரு நிமிடம் ஒன்றும் வராது, விட்டுவிடாதீர்கள். ஒரு சொட்டு காம்பு நுனியில் திரண்டு நிற்கும், அப்புறம் மெல்லிய நூல் மாதிரி இரண்டு மூன்று இடத்திலிருந்து பீய்ச்சும். வேகம் குறைந்ததும் விரல்களைச் சற்றுத் திருப்பி வேறு இடத்தில் வையுங்கள். ஒரு பக்கம் ஐந்து நிமிடம், மறுபக்கம் ஐந்து நிமிடம் என மாற்றி மாற்றி, மொத்தம் 20 முதல் 30 நிமிடம்.

முதல் நாள் எனக்கு இரண்டு ஸ்பூன்தான் வந்தது. "பால் பத்தலையோ" என்று அழுதேன். கையில் வரும் அளவை வைத்துச் சுரப்பைக் கணக்குப் போடக் கூடாது, குழந்தையின் வாய் நம் கையைவிட நன்றாக உறிஞ்சும். பத்தாம் நாள் அரை டம்ளர் வந்தது.

எடுத்த பாலை மூடி, தேதியும் நேரமும் எழுதுங்கள். 25 டிகிரி வரை உள்ள அறையில் நான்கு மணி நேரம் தாங்கும். நம் ஊர் வெயிலுக்கு அதை நம்ப வேண்டாம், உடனே ஃப்ரிட்ஜில் வையுங்கள். கதவில் இல்லாமல் உள்தட்டின் பின்பக்கம் வைத்தால் நான்கு நாள் இருக்கும். தனிக்கதவு உள்ள ஃப்ரீசரில் ஆறு மாதம் வரை. ஒருமுறை உருகியதை மறுபடி உறைய வைக்காதீர்கள். மேலே ஆடை மாதிரி கொழுப்பு மிதந்தால் கெட்டுவிட்டதாக நினைத்துக் கொட்டிவிடாதீர்கள், மெல்லச் சுழற்றினால் கலந்துவிடும்.

கொடுக்கும்போது கிண்ணத்தைச் சுடுநீரில் வைத்து வெதுவெதுப்பாக்கினால் போதும். அடுப்பும் மைக்ரோவேவும் கூடாது. புட்டி தேவையில்லை, மூக்கு வைத்த சின்னக் கிண்ணமான பாலாடையே போதும். குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, பாலாடை நுனியை உதட்டில் வைத்துச் சிறிது சிறிதாகக் கொடுக்க வேண்டும். முதல் சில நாள் பாட்டியோ அப்பாவோ கொடுக்கட்டும். நீங்கள் அருகில் இருந்தால் குழந்தை உங்களிடம்தான் தாவும். குடித்து மிஞ்சியதை இரண்டு மணி நேரத்துக்குமேல் வைக்க வேண்டாம்.

அலுவலகத்தில் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எடுங்கள், இல்லையென்றால் பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாகிவிடும். குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை, தினம் இரண்டு முறை பாலூட்ட இடைவேளை தரச் சட்டத்தில் இடமிருக்கிறது. தயங்காமல் கேளுங்கள். ஐஸ் பேக் போட்ட பெட்டியில் பால் வீடு வந்து சேரும் வரை கெடாது.

மாலையில் கிளம்பும்போது வீட்டுக்கு ஒரு போன் போட்டு, "வந்துட்டிருக்கேன், இப்ப எதுவும் கொடுக்காதீங்க" என்று சொல்லிவிடுங்கள். வந்து கை கழுவியதும் குழந்தை உங்களிடமே குடிக்கட்டும்.