‘கண்டுபிடி’ என்பதில் பிடிப்பது எதை?

‘விடையைக் கண்டுபிடித்தேன்’ என்று ஒரு மாணவி சொன்னால், அவள் விடையைக் கண்ணால் கண்டு கையால் பிடித்தாள் என்று யாரும் நினைப்பதில்லை. ‘தங்கையைப் பார்த்தேன்’ வேறு, ‘தங்கையைப் பார்த்துக்கொண்டேன்’ வேறு என்பதும் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். அதே பிள்ளை ஆங்கிலப் பாடத்தில் ‘லுக் ஆஃப்டர்’ என்பதைப் பார்த்ததும் ‘பிறகு பார்’ என்று எழுதிவிடுகிறது. லுக் என்றால் பார், ஆஃப்டர் என்றால் பிறகு, கணக்கு சரிதானே!

சரியில்லை. வினைச்சொல்லோடு அப், ஆஃப், அவுட் போன்ற ஒரு குட்டிச்சொல் சேர்ந்து புதுப் பொருள் தருவதுதான் ஃப்ரேசல் வெர்ப். லுக் ஆஃப்டர் என்றால் பார்த்துக்கொள். லுக் ஃபார் என்றால் தேடு. லுக் இன்டூ என்றால் விசாரி. கண்டுபிடி என்பதை எப்படி ஒரே சொல்லாகக் கொள்கிறோமோ, இவற்றையும் அப்படியே கொள்ள வேண்டும். பிரித்துப் பொருள் பார்ப்பதுதான் முதல் தவறு.

இரண்டாவது தவறில் பிள்ளைகளுக்குப் பங்கில்லை. கையேடுகள் லுக் குடும்பம் முழுவதையும் ஒரே பக்கத்தில் அடுக்கிவிடுகின்றன. எல்லாம் ஒன்றுபோலவே தெரிவதால், மனப்பாடம் செய்த மறுநாளே ஒன்று மற்றொன்றின் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஒரு சூழலை எடுத்துக்கொண்டு படிப்பது மேல் என்பது என் கட்சி. பள்ளிக்குக் கிளம்பும் காலை நேரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்: வேக் அப், கெட் அப், புட் ஆன், கெட் ஆன், கெட் ஆஃப். விழிப்பது, எழுவது, சீருடை அணிவது, பஸ்ஸில் ஏறுவது, இறங்குவது. விழிப்பு வந்த பிறகும் போர்வைக்குள் கிடந்தால், வேக் அப் ஆகிவிட்டது. கெட் அப் இன்னும் ஆகவில்லை.

அதிகம் மதிப்பெண் போகும் இடம் ‘இட்’, ‘ஹெர்’, ‘தெம்’ போன்ற சுட்டுப்பெயர்கள் வரும் இடம். ‘ஸ்விட்ச் ஆஃப் தி ஃபேன்’ சரி. ‘ஸ்விட்ச் தி ஃபேன் ஆஃப்’ என்பதும் சரி. ஆனால் ஃபேனுக்குப் பதில் ‘இட்’ போட்டால் அது நடுவில்தான் நிற்கும்: ‘ஸ்விட்ச் இட் ஆஃப்’. ‘ஸ்விட்ச் ஆஃப் இட்’ தவறு. அப்படியானால் எல்லாவற்றையும் பிரிக்கலாமா என்றால், அதுவும் இல்லை. ‘லுக் ஆஃப்டர் ஹெர்’ என்பதை ‘லுக் ஹெர் ஆஃப்டர்’ என்று ஒருபோதும் எழுத முடியாது. எது பிரியும், எது பிரியாது என்பதை ஒரே சூத்திரத்தில் அடக்க முடியாது. மாணவர்களுக்கான நல்ல ஆங்கில அகராதியில் ‘சம்திங்’ என்ற சொல்லோ அதன் சுருக்கமோ நடுவில் இருக்கிறதா, கடைசியில் இருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். நோட்டில் எழுதும்போதே ‘புட் இட் ஆஃப்’, ‘லுக் ஆஃப்டர் இட்’ என்று ‘இட்’ சேர்த்து எழுதுங்கள். இடமும் சேர்ந்து மனத்தில் பதியும்.

அடுத்தது நம் வீட்டிலேயே பிறக்கும் பிழை. ‘ஃபேனை ஆஃப் செய்’ என்று தமிழில் பேசிப் பழகியதால், ஆங்கிலத்திலும் ‘ஆஃப் தி ஃபேன்’ என்று வந்துவிடுகிறது. சிலர் ஒரு படி மேலே போய் ‘ஐ ஆஃப்டு தி ஃபேன்’ என்று அதற்கு இறந்தகாலமும் சூட்டுகிறார்கள்! தமிழில் வினை வேலையைச் ‘செய்’ பார்க்கிறது. ஆங்கிலத்தில் ‘ஸ்விட்ச்’ அல்லது ‘டர்ன்’ பார்க்கிறது. காலம் காட்டும் விகுதியும் அதில்தான் ஒட்டும்: ‘ஸ்விட்ச்டு ஆஃப்’.

இதற்கு நேர்மாறாக, வேண்டாத இடத்தில் குட்டிச்சொல்லைச் செருகுவதும் உண்டு. ‘கோப் அப் வித்’ என்று பெரியவர்களே எழுதுகிறார்கள். சமாளிப்பதைச் சொல்ல ‘கோப் வித்’ போதும். ‘ரிட்டர்ன் பேக்’ என்பதில் ‘பேக்’ வெறும் சுமை.

குட்டிச்சொல்லோ வினையோ மாறினால் சேதியே மாறிவிடும். ஆண்டு விழாவை ‘புட் ஆஃப்’ செய்தால் ஒத்திப்போட்டதாகப் பொருள். ‘கால் ஆஃப்’ என்றால் விழாவே ரத்து. ‘புட் அவுட்’ என்று எழுதினாலோ விழாவை விளக்கைப்போல அணைத்துவிட்டீர்கள்.

கடைசியாக, ‘பாஸ் அவுட்’. கல்லூரிப் படிப்பை முடித்ததைச் சொல்ல இந்தியாவில் இதைத் தாராளமாகப் பயன்படுத்துகிறோம். பிரிட்டனில் ராணுவப் பயிற்சியை முடித்து வெளியேறுவதற்கும் இந்தச் சொல் உண்டு. ஆனால் அன்றாட ஆங்கிலத்தில் அதன் பொருள் மயங்கி விழுவது. ‘ஐ பாஸ்டு அவுட் இன் 2010’ என்று வெளிநாட்டு நண்பரிடம் உங்கள் மாமா பெருமையாகச் சொன்னால், அவர் பதறிப்போய், “இப்போது உடம்பு எப்படி இருக்கிறது?” என்று கேட்கக்கூடும்.