வெள்ளை பெயிண்ட் விண்வெளியில ஏன் பழுப்பாகுது? மொட்டை மாடியில பாத்துரலாம்

சாட்டிலைட்டுக்கு வெள்ளை பெயிண்ட் அடிக்கிறது வெயிலைத் திருப்பி விடத்தான், ஆனா அங்கிட்டு யுவி (புற ஊதா வெளிச்சம்), எலக்ட்ரான், புரோட்டான் எல்லாம் பட்டுப் பட்டு அந்த வெள்ளை பழுப்பாகும். இதுல யுவி பண்ற வேலையை மட்டும் நம்ம மதுரை வெயில்லயே பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

டைல்ஸ் கடையில ஒடைஞ்ச வெள்ளைத் துண்டு ஒண்ணு கேளுங்க. பெயிண்டுக்குப் பதிலா, ரெண்டு டியூப் கலக்குற கிளியர் எபாக்சி பசையை மேல மெல்லிசா தடவி ஒரு நாள் காய விட்டு, பாதியை அலுமினியம் ஃபாயிலால இறுக்கி மூடி, மாடியில நிழல் விழாத இடமா வைங்க. ஆயில் எனாமல் மட்டும் வேண்டவே வேண்டாம், அது இருட்டுல இருந்தாலே மஞ்சளடிக்கும், மூடின பாதியும் மாறிட்டா அப்புறம் எதோட ஒப்பிடுறது? பங்குனியில வச்சா அக்னி நட்சத்திரம் முடிய எடுக்கலாம்.

எடுத்ததும் ஃபாயிலைப் பிரிச்சு முதல்ல தூசியக் கழுவுங்க, இல்லேன்னா புழுதியைத்தான் அளப்பீங்க. பக்கத்துல வெள்ளை பேப்பர் வச்சு, ஃபோன்ல ப்ரோ மோடுல வொயிட் பேலன்ஸை லாக் பண்ணி படம் எடுங்க. கலர் பிக்கர் ஆப்ல ரெண்டு பாதியிலயும் நீல நம்பரை (RGB-ல B) பாருங்க, அதுதான் முதல்ல இறங்கும், ஏன்னா யுவி பட்டு மாறிப்போன எபாக்சி நீல வெளிச்சத்தைத்தான் அதிகமா உறிஞ்சுது.

லேசான மஞ்சள்தானேன்னு விட்டுறாதீங்க. பூமிக்கு வெளியில சதுர மீட்டருக்கு சுமார் 1361 வாட் வெயில். சூரியனைப் பாத்த வெள்ளைத் தகடு அதுல 0.15 பங்கை உறிஞ்சி, 0.9 எமிட்டன்ஸோட (வெப்பத்தைக் கதிரா வெளிய விடுற திறன், அதிகபட்சம் 1) முன்பக்கமா மட்டும் வெப்பத்தை வெளிய விட்டா சுமார் மைனஸ் 22 டிகிரியில நிக்கும். உறிஞ்சுறது 0.30 ஆனா 26 டிகிரி! உள்ள இருக்கிற எலக்ட்ரானிக்ஸ் பாவம்.

பொருளெல்லாம் விண்வெளியில எப்படி மாறுதுன்னு பாக்க நாசா விட்ட எல்டிஇஎஃப்ங்கிற சாட்டிலைட் 1984 ஏப்ரல்ல மேல போய் 1990 ஜனவரியில ஷட்டில்ல திரும்பி வந்துச்சு. அதுல ஏ-276ங்கிற வெள்ளை பெயிண்ட் சாட்டிலைட் போற திசைக்குப் பின்பக்கம் பழுப்பாயிருந்துச்சு, முன்பக்கம் வெள்ளையாவே இருந்துச்சு, அங்க அணு ஆக்சிஜன் (ஒத்தை ஒத்தை அணுவா இருக்கிற ஆக்சிஜன்) மோதி கருத்த மேல்தோலை அரிச்சு எடுத்துருச்சு, எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச விஷயமே இதான்.

ஒண்ணு மட்டும் பிள்ளைகள்ட்ட சொல்லிருங்க, எலக்ட்ரானும் புரோட்டானும் நம்ம மாடிக்கு வராது, 290 நானோமீட்டருக்குக் கீழ உள்ள யுவியும் ஓசோன்லயே நின்னுரும். அதோட ஜிங்க் ஆக்சைடு மாதிரி பெயிண்டு கருத்தாலும் காத்துப் பட்டா கொஞ்சம் வெளுத்துரும், அதனாலதான் சாட்டிலைட் பெயிண்டைச் சோதிக்கிற லேப்ல வேக்குவம் சேம்பரைத் (காத்தில்லாத பெட்டி) திறக்காமலே ரீடிங் எடுக்கிறாங்க.