கிலோம்பெரோ பக்கம் வருகிறீர்களா? வீட்டுக்குப் பணம் கட்டுமுன் படியுங்கள்

தான்சானியாவின் மொரோகோரோ மாகாணத்தில், கிலோம்பெரோ ஆற்றுப் பள்ளத்தாக்கில் வேலை கிடைத்து வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சர்க்கரை ஆலையில் குவார்ட்டர்ஸோடு வருகிறவர்களுக்கு இதில் பாதி தேவைப்படாது. அரிசி வியாபாரம், கட்டுமானம், கடை என்று வந்து இஃபகாரா சுற்றுவட்டாரத்தில் தானே வீடு பிடிக்க வேண்டியவர்கள் முழுதாகப் படியுங்கள்.

காகித வேலையை முதலில் முடித்துவிடுவோம். தொழிலாளர் துறையில் வேலை அனுமதி, குடிவரவுத் துறையில் பி வகுப்பு வதிவிட அனுமதி, இரண்டும் வேண்டும். “விசிட் விசாவில் வந்துடுங்க, அப்புறம் மாத்திக்கலாம்” என்று சொல்லும் ஏஜெண்ட்டிடம் நல்லபடியாகப் பேசிவிட்டு போனை வைத்துவிடுங்கள். நைரோபி, அடிஸ் அபாபா வழியாக வந்தால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை கையில் இருக்கட்டும். கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள், பயணத்துக்குப் பத்து நாள் முன்பாவது போட்டுவிட வேண்டும். 2019 ஜூன் முதல் இங்கே பாலிதீன் கேரி பேக்குகளுக்குத் தடை. அம்மா கட்டிக்கொடுக்கும் பொடி வகைகளைத் துணிப்பையில் போட்டுக் கொண்டுவாருங்கள்.

டார் எஸ் சலாமிலிருந்து மொரோகோரோவுக்கு 2024-லிருந்து புது மின்சார ரயில் ஓடுகிறது. அதைப் பார்த்து மயங்க வேண்டாம், அது நம் பக்கம் திரும்பாது. மொரோகோரோவில் இறங்கி பஸ் ஏறி, மிக்குமி தேசியப் பூங்காவுக்குள் போகும் நெடுஞ்சாலையைக் கடந்து, மிக்குமி ஊரில் தெற்கே திரும்பி, கிடாட்டு வழியாக இஃபகாரா வர வேண்டும். பூங்காவுக்குள் ஒட்டகச்சிவிங்கி சாலையோரமாகவே நிற்கும். டிரைவர் மெதுவாகப் போகிறார் என்று அலுத்துக்கொள்ளாதீர்கள், விலங்கு மேல் மோதினால் அபராதம் கடுமை. சீனா 1970-களில் கட்டிக்கொடுத்த டசாரா ரயில் நம் பள்ளத்தாக்குக்குள்ளேயே வருகிறது, இஃபகாராவில் ஸ்டேஷனும் உண்டு. ஆனால் அதை நம்பி ஒரு சந்திப்புக்கு நேரம் கொடுக்கிறவர் ரொம்பத் துணிச்சல்காரர். டார் எஸ் சலாமில் அதற்குத் தனி ஸ்டேஷன், மின்சார ரயில் கிளம்பும் இடம் வேறு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

வடமேற்கில் உட்சுங்வா மலைத்தொடர் சுவர் மாதிரி எழும்பி நிற்கிறது. தென்கிழக்கில் மஹெங்கே மேட்டு நிலம். இரண்டுக்கும் நடுவே தட்டையாக விரியும் வெள்ளச் சமவெளியில் கிலோம்பெரோ ஆறு ஓடி, கடைசியில் ருஃபிஜியில் சேர்கிறது. மலையில் விழும் மழை அத்தனையும் இந்தத் தட்டை நிலத்துக்குத்தான் இறங்கி வர வேண்டும். நவம்பர், டிசம்பரில் சிறுமழை; மார்ச்சிலிருந்து மே வரை பெருமழை, அதை மசிக்கா என்கிறார்கள். ஜூன் முதல் அக்டோபர் வரை காய்ந்து கிடக்கும். நாம் வந்து இறங்குவது பெரும்பாலும் அந்தக் காய்ந்த மாதங்களில்தான். கோளாறு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

என் நண்பர் ஒருவர், திருவாரூர் பக்கம், செப்டம்பரில் வந்தார். ஊருக்கு வெளியே அறுவடை முடிந்த நெல் வயல், வரப்பு, மாமரம், தென்னை, சைக்கிளில் மூட்டை கட்டிக்கொண்டு போகும் ஆட்கள். “நம்ம ஊரேதான் சார்” என்று போனில் குரல் உடைகிற மாதிரி சொன்னார். வயலை ஒட்டி ஒரு வீடு; சுட்ட செங்கல், தகரக் கூரை, விசாலமான முற்றம், வாடகையும் குறைவு. வீட்டுக்காரர் ஒரு வருடப் பணம் மொத்தமாகக் கேட்டார். நண்பர் யோசிக்கவே இல்லை. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கட்டிப் பழகியவர் அவர். காலி செய்யும்போது சுண்ணாம்பு அடித்த கூலியைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுத்துவிடுவார்கள் என்ற நினைப்பு. இங்கே முன்பணம் என்பது டெபாசிட் இல்லை, வாடகையேதான். ஆறு மாதம், ஒரு வருடம் என்று மொத்தமாக வாங்கிக்கொள்வது இந்நாட்டில் எங்கும் வழக்கம். கொடுத்தது கொடுத்ததுதான். டலாலிக்கு, அதாவது தரகருக்கு, ஒரு மாத வாடகை தனி.

ஏப்ரலில் தண்ணீர் வந்தது. ஒரே இரவில் பாய்ந்து வரவில்லை. முற்றத்தில் நின்றது, படியேறியது, பிறகு அடுப்பங்கரைக்குள் வந்துவிட்டது. ஃபிரிட்ஜைக் கட்டில் மேல் ஏற்றி வைத்துவிட்டு நண்பர் லாட்ஜுக்குப் போனார். மீதி மாதப் பணத்தைக் கேட்டபோது வீட்டுக்காரர் கோபப்படக்கூட இல்லை. வீடு எங்கேயும் போகவில்லையே, தண்ணீர் வடிந்ததும் வாருங்கள் என்றாராம். ஒப்பந்தம் சுவாஹிலியில் இருந்தது, கையெழுத்து நண்பருடையது, முத்திரை மெத்தாவின் தலைவருடையது. மெத்தா என்பது நம்ம ஊர் வார்டு மாதிரி. அதன் தலைவர் சாட்சி போட்டால் அதற்கு மேல் வாதாட முடியாது.

எனக்கு வீட்டுக்காரர் மேல் அவ்வளவு கோபம் இல்லை. மசிக்காவில் அந்தப் பக்கம் தண்ணீர் ஏறும் என்பது அங்கே சின்னக் குழந்தைக்கும் தெரியும், கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். கோபமெல்லாம் டலாலி மேல்தான். சுவரில் இடுப்பளவுக்கு மட்டும் புதுப் பெயிண்ட் அடிக்க வைத்தது அவர்தான் என்று பிறகு பக்கத்து வீட்டுப் பாட்டி சொன்னார்.

ஆகவே வீடு பார்க்கும்போது முதலில் சுவரைப் பாருங்கள், சமையலறை அலமாரியை அப்புறம் பார்க்கலாம். வெளிச்சுவரில் கிடைமட்டமாகப் பழுப்புக் கோடு ஓடினால் அதுதான் போன வெள்ளத்தின் உயரம். கோடே இல்லாமல் கீழ்ப்பாதி மட்டும் பளிச்சென்று இருந்தால் இன்னும் சந்தேகப்படுங்கள். அக்கம்பக்கத்து வீடுகளின் அடித்தளம் எவ்வளவு உயரம் என்று கவனியுங்கள். நான்கு வீடு திண்ணை உயரத்துக்கு மேலே இருந்து, உங்களுக்குக் காட்டும் வீடு மட்டும் தரையோடு இருந்தால் வாடகை ஏன் குறைவு என்று புரிந்துவிடும். எங்கே நெல் நடுகிறார்களோ அங்கே தண்ணீர் நிற்கும். டெல்டாக்காரருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் டெல்டாக்காரர்தான் ஏமாறுகிறார். மேட்டூரை ஜூன் 12-ல் திறப்பார்கள், தண்ணீர் முறை வைத்து வரும் என்ற கணக்கு நம் மண்டையில் இருக்கிறது. இந்த ஆற்றின் குறுக்கே அணையும் இல்லை, மதகும் இல்லை.

முன்பணம் மூன்று மாதத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். மாத வாடகை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. வெள்ளத்தால் குடியிருக்க முடியாமல் போனால் மீதி மாதங்களுக்கான பணம் திரும்ப வரும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள், அலுவலகத்தில் யாரையாவது அதை வரிவரியாகப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். மின்சாரம் லூக்கு என்ற பிரீபெய்டு மீட்டர். போனிலேயே பணம் கட்டி டோக்கன் எண்ணை அடிக்க வேண்டும். மீட்டர் உங்கள் வீட்டுக்கு மட்டுமா, பின்கட்டுக்கும் சேர்த்தா என்று கேளுங்கள். 2021 முதல் வீட்டு வரியையும் இந்த மீட்டர் வழியாகவே பிடிக்கிறார்கள். அது சட்டப்படி வீட்டுக்காரர் கட்ட வேண்டியது, வாடகையில் கழித்துக்கொள்ளப் பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

மழைக் காலத்தில் ஊரே மாறிவிடும். நெல் வைத்திருப்பவர்கள் பலர் குடும்பத்தோடு வயல் குடிசைக்குப் போய் மாதக்கணக்கில் அங்கேயே தங்குகிறார்கள். வேலைக்கு ஆள் தேடினால் அப்போது கிடைக்காது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் மஹெங்கே போக முன்பு படகுத் துறைதான் கதி. 2016-ல் ஃபெரி கவிழ்ந்தது, 2018-ல் பாலம் திறந்தார்கள். ஆற்றைப் பார்த்ததும் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்க இறங்கிவிடாதீர்கள். முதலையும் நீர்யானையும் இருக்கின்றன.

கொசுவலை இல்லாமல் ஒரு ராத்திரிகூட வேண்டாம். மலேரியா ஆய்வுக்கு உலகளவில் பேர்பெற்ற நிறுவனம் இஃபகாராவில் இருப்பது சும்மா இல்லை. காய்ச்சல் என்றால் டோலோ போட்டுப் போர்த்திக்கொண்டு படுக்காமல் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். லீவில் ஊருக்குப் போன இடத்தில் காய்ச்சல் வந்தாலும் டாக்டரிடம் ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததை முதலில் சொல்லுங்கள். அவர் டெங்குவைத் தேடிக்கொண்டிருப்பார்.

மணி கேட்டால் கவனம். சூரியன் உதிப்பதிலிருந்து எண்ணுகிறார்கள், காலை எட்டு மணி அவர்களுக்கு இரண்டு. அப்புறம், கடையில் நேராக “எவ்வளவு?” என்று ஆரம்பிக்காதீர்கள், பெரியவர்களுக்கு முதலில் ஷிகாமோ சொல்லி நலம் விசாரித்தால்தான் பேச்சு ஓடும். இதில் நம் பிள்ளைகளைவிட இங்கத்துப் பிள்ளைகள் மரியாதை தெரிந்தவர்கள், ஒத்துக்கொள்ள வேண்டியதுதான். ஆட்டோவுக்குப் பெயர் பஜாஜி. ஏறிப் பார்த்தால் பல சமயம் ஓசூர் கம்பெனியான டி.வி.எஸ். வண்டியாக இருக்கும், பெயர் மட்டும் பஜாஜிதான்.

சாப்பாட்டுக்குப் பயப்பட வேண்டாம். கிலோம்பெரோ அரிசிக்கு நாட்டிலேயே நல்ல பேர், வேகும்போதே வாசனை வரும். சந்தையில் முளைக்கீரை, பச்சைப்பயறு, தட்டைப்பயறு, புளி, தேங்காய் எல்லாம் உண்டு. துவரையும் கிடைக்கும், ஆனால் முழுசாக. தேங்காய்ப்பாலில் வேகவைத்துச் சாப்பிடுகிறார்கள். தேங்காய்த் துருவி தூக்கிக்கொண்டு வராதீர்கள். மடக்கு முக்காலியின் நுனியில் பல்லு வைத்த இரும்பு, மேலே உட்கார்ந்து துருவ வேண்டியது, எந்தச் சந்தையிலும் வாங்கலாம். உடைத்த துவரம்பருப்பை டார் எஸ் சலாமில் கிசுத்து பக்கத்து இந்தியக் கடைகளில் வாங்கிக்கொண்டு பஸ் ஏறுங்கள். உளுந்தும் அங்கேயேதான், ஆறு மாதத்துக்குச் சேர்த்து வாங்குவதென்றால் மூடி இறுகும் டப்பாவும் வாங்கிவிடுங்கள், மசிக்காவில் சாக்கோடு வைத்தால் பூஞ்சை பிடித்துவிடும்.