களத்துமேட்டிலிருந்து எம் 87: கருந்துளை குடியிருக்கும் கேலக்ஸியைத் தேடிப் பார்ப்பது எப்படி?

உளுந்து பிடுங்கி முடிந்ததும் வரும் அமாவாசைதான் இதற்குத் தோது. எங்கள் திருத்துறைப்பூண்டிப் பக்கம் அப்போது வயல்வெளியில் நல்ல இருட்டு. ஆறு அங்குல டாப்சோனியன் தொலைநோக்கி (தரையில் வைத்துக் கையால் திருப்பும் எளிய வகை) போதும். வரப்பில் வைக்காதீர்கள், மண் இளகிச் சாயும், களம்தான் சரி. கண் இருட்டுக்குப் பழக வேண்டும், அரைமணி நேரம் செல்போனைத் தொடவே வேண்டாம்.

சித்திரை தொடக்கத்தில் இரவு பதினொரு மணிக்கு எம் 87 உச்சந்தலைக்கு மேல் நிற்கும். அந்தக் கோணத்தில் குழாயைத் திருப்புவது பெரும்பாடு. அதனால் ஒன்பதரைக்கே தொடங்கிவிடுங்கள். சிம்மத்தின் வால் நுனி உத்திரம். அங்கிருந்து கிழக்கே, நீட்டிய கையில் இரண்டு முஷ்டிக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் கன்னியின் விண்டமியாட்ரிக்ஸ் என்ற விண்மீன். இரண்டுக்கும் நட்டநடுவே, 25 மி.மீ. ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் வில்லை), இரண்டு பஞ்சுப் பொட்டுகள் அருகருகே தெரியும்: எம் 84, எம் 86 என்ற கேலக்ஸிகள். அங்கிருந்து தென்கிழக்கே ஒன்றேகால் டிகிரி மெல்லத் தள்ளுங்கள். கண்ணாடியில் மூச்சுப் பட்டது போல உருண்டையாக ஒரு மங்கல், நடுவில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம். ஓரக்கண்ணால் பார்த்தால்தான் பிடிபடும்.

அந்த ஒளி கிளம்பி சுமார் 5.5 கோடி ஆண்டுகள் ஆகின்றன. நடுவே இருப்பது 650 கோடி சூரியன்களின் நிறையுள்ள கருந்துளை. 2019 ஏப்ரல் 10 அன்று படமாக வெளியானது அதுதான். அது பீய்ச்சும் தாரையை 1918இல் அமெரிக்க வானியலாளர் ஹீபர் கர்ட்டிஸ் புகைப்படத் தகட்டில் கண்டார். நம் தொலைநோக்கியில் தெரியாது.

என் அப்பா நாற்றங்காலுக்கு முன் மடையைப் பார்க்கமாட்டார், மேட்டூர் நீர்மட்டத்தைத்தான் கேட்பார். மாணவர்களுக்கு நான் இதையே சொல்வேன். கருந்துளை மடை, கேலக்ஸி வயல், கேலக்ஸியைச் சூழ்ந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள் உறையான ஹாலோதான் நீர்ப்பிடிப்பு. வாயுவை ஈர்த்துச் சேர்ப்பது ஹாலோ. வாயுவை விழுங்கும் கருந்துளையால் பளீரென ஒளிரும் கேலக்ஸி மையங்கள்தான் குவேசார்கள். அவை வானில் கொத்துக்கொத்தாக இருக்கும் விதத்தை அளந்தால், பெரும்பாலும் சில லட்சம் கோடி சூரிய நிறை கொண்ட ஹாலோக்களில்தான் எரிகின்றன என்று தெரிகிறது. ஆனால் ஹாலோ பெரிதாக இருந்தால் மட்டும் போதாது, வாயு நடுமையம்வரை இறங்க வேண்டும். நம் பால்வீதியின் 40 லட்சம் சூரிய நிறைக் கருந்துளை இப்போது பட்டினியில் கிடக்கிறது.

ஓரிடத்தில் இந்த உவமை நிற்காது. மடை மேட்டூரை மாற்றாது. கருந்துளையோ தன்னைச் சுற்றியுள்ள வாயுவைச் சூடாக்கி, அது குளிர்ந்து புது விண்மீன்களாவதைத் தடுக்கிறது. எம் 87இல் புது விண்மீன்கள் அரிதாக இருப்பதற்கு இது முக்கியக் காரணம்.

பார்த்து முடித்ததும் குழாயை மறுபடி எம் 86க்குத் திருப்புங்கள். இவை எல்லாம் சேர்ந்த கேலக்ஸிக் கூட்டமான கன்னிக் கொத்தின் ஹாலோ அவ்வளவு பெரிது. இந்த ஒன்றேகால் டிகிரி தூரமும் அதற்குள்தான் கிடக்கிறது.