வயரில்லாத பார்கோட் ஸ்கானர்: பற்றரியைப் பார்த்துப் பாவிப்பது எப்படி?

கடையில் இருக்கும் வயரில்லாத ஸ்கானருக்குள் பெரும்பாலும் கைத்தொலைபேசியில் இருப்பது போன்ற லிதியம் அயன் பற்றரிதான் இருக்கும். வெக்கையும் உப்பும் அதற்கு ஆகாது. உப்புவெளி என்று ஊர்ப்பெயரிலேயே உப்பைச் சுமக்கும் திருகோணமலையில் இரண்டுக்கும் குறைவில்லை.

முதலில் ஸ்கானரை நிறுத்தி, பற்றரியைக் கழற்றி, கண்ணாடி மேசையில் படுக்க வையுங்கள். தட்டைப் பற்றரியானால் ஒரு மூலையை விரலால் மெல்லச் சுண்டுங்கள். நல்லது அசையாமல் கிடக்கும். பம்பரம்போல் சுற்றினால் உள்ளே வாயு சேர்ந்து வயிறு ஊதியிருக்கிறது. இன்னும் வேலை செய்கிறதே என்று திரும்பப் போடாதீர்கள், அழுத்தவோ குத்தவோ வேண்டாம். கழற்ற முடியாத வகையானால் மூடியின் பொருத்து விலகியிருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது தொடுமுனைகள், அதாவது சார்ஜ் ஏறும் உலோகத் தகடுகள். "சார்ஜ் ஏறுதில்லை" என்று வரும் ஸ்கானரில் நான் முதலில் பார்ப்பது இவற்றைத்தான். கடற்காற்றின் உப்பும் ஈரமும் சேர்ந்து தகட்டில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூக்கும். அதனால் மின்தடை கூடும், சார்ஜ் விட்டுவிட்டு ஏறும், அந்த இடமே சுடும். பிளக்கைக் கழற்றிவிட்டு, பஞ்சுக்குச்சியில் ஐசோபுரோபைல் அல்ககோலை ஈரமாகும் அளவுக்கு மட்டும் தொட்டுத் துடையுங்கள். 5 நிமிடம் காயவிடுங்கள். உப்புத்தாள் வேண்டாம். மேற்பூச்சு உரிந்தால் அடுத்த தடவை இன்னும் விரைவாய்ப் பூக்கும். ஸ்கானரை வைத்து சார்ஜ் ஏற்றும் தாங்கியின் ஊசிகளையும் துடையுங்கள், பலர் விடுவது அதைத்தான். மாரியில் வாரம் ஒருமுறை இதைச் செய்யுங்கள்.

சார்ஜருக்கு, ஸ்கானரோடு வந்த அடாப்டரே நல்லது. மாற்றுவதானால் வோல்ட் அதேயாகவும், அம்பியர் அதே அளவாகவோ கூடவோ இருக்கட்டும். இவ்வகைப் பற்றரியை 0 பாகைக்குக் கீழும் 45 பாகைக்கு மேலும் சார்ஜ் செய்யக்கூடாது. கச்சான் காற்று அடிக்கும் மத்தியானத்தில் வாகனத்துக்குள் கிடந்த ஸ்கானரை வந்ததும் தாங்கியில் வைக்காதீர்கள். அரைமணி நேரம் நிழலில் ஆறட்டும். மீன் குளிரறையிலிருந்து எடுத்ததும் வெளியே வியர்க்கும், அந்த ஈரம் முழுதாய்க் காய்ந்த பிறகே சார்ஜ். காட்போட் பெட்டிமேல் வைத்து, கடையைப் பூட்டிவிட்டு இரவு முழுக்க சார்ஜில் விடவும் வேண்டாம்.

லேசர் வகையானால் எவர் கண்ணுக்கும் நேரே பிடிக்காதீர்கள். பிள்ளைகள் கையில் விளையாடக் கொடுக்கவும் வேண்டாம்.

நெடுநாள் பாவிக்காவிட்டால் பாதி சார்ஜில் கழற்றி வைத்து, 3 மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். முழுதாய் இறங்கிக் கிடந்தால் பிறகு ஏறாமலே போகலாம்.

ஊதிய பற்றரியின் முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டி, காய்ந்த ஆற்றுமணல் நிரப்பிய தகரப் பேணியில் இட்டு, வீட்டுக்கு வெளியே மழைபடாத இடத்தில் வையுங்கள். கடற்கரை மணல் வேண்டாம், அதன் உப்பு ஈரத்தை இழுக்கும். பின்னர் இலத்திரனியல் கழிவு எடுக்குமிடத்தில் கொடுங்கள். குப்பையில் போட்டால் லொறியில் நசுங்கித் தீப்பிடிக்கும். புகை கிளம்பினால் கையால் தூக்காதீர்கள். ஆட்களை விலக்கி, தீயணைப்புக்கு 110இல் அழையுங்கள்.